பைட்டுகளை எண்ணிய காலம்

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் “89சி51” என்று சொன்னால் போதும், 40 கால்கள் கொண்ட அந்தக் கறுப்புச் சிப்பை எடுத்து வைத்துவிடுவார்கள். செய்தது அட்மெல். உள்ளே இருந்தது இன்டெல் 1980இல் கொண்டுவந்த 8051இன் கட்டமைப்பு. நிரலுக்கு 4 கிலோபைட், மாறிகளுக்கு 128 பைட். ஸ்டாக்கும் அந்த 128க்குள்தான் வளர வேண்டும்.

கெய்ல் கம்பைலரில் பில்டு கொடுத்ததும் அடியில் ஒரு வரி வரும்: டேட்டா இவ்வளவு, கோடு இவ்வளவு. எங்கள் கண்கள் முதலில் போவது அங்கேதான். 4096ஐத் தாண்டிவிட்டால் அன்று வீட்டுக்குக் கிளம்ப நேரமாகும். ஆப்டிமைசேஷனை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்ப்போம். ஒன்பதாம் படியில், பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டளைத் தொடர்களைக் கம்பைலரே தேடிப் பிடித்து ஒரு சப்ரொட்டீனாக ஆக்கிவிடும். கோடு சுருங்கும், வேகம் கொஞ்சம் குறையும்.

அப்போதும் இடம் போதாவிட்டால் எங்கள் பட்டறையின் மூத்தவர் பென்சிலோடு வந்து உட்காருவார். “கம்பைலர் என்ன எழுதியிருக்குன்னு பாருப்பா” என்பார். லிஸ்டிங் கோப்பை அச்செடுத்து, ஒவ்வொரு சி வரிக்கும் கீழே முளைத்திருக்கும் அசெம்பிளியைப் படிப்போம். இன்ட் என்று எழுதிய எண்ணி 16 பிட். 8 பிட் இயந்திரம் அதை இரண்டு துண்டாகக் கையாள வேண்டும். அன்சைன்டு கேர் என்று மாற்றினால் பாதிக் கட்டளைகள் காணாமல் போகும். லூப்பைப் பூச்சியம் நோக்கி இறங்கும்படி எழுதினால், குறைப்பது, சோதிப்பது, தாவுவது மூன்றும் டிஜேஎன்இசட் என்ற ஒரே கட்டளைக்குள் அடங்கும். வெப்பநிலை 27.5 என்றால் 275 என்று வைத்துக்கொள்வோம். ஒரேயொரு ஃப்ளோட் போட்டாலும் அதற்கான நூலகம் பின்னாலேயே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ராம் பங்கீட்டை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. எந்தச் சார்பு எதை அழைக்கிறது என்று லிங்கர் மரம்போட்டுப் பார்க்கும். ஒரே நேரத்தில் இயங்காத இரண்டு சார்புகளின் உள் மாறிகளை ஒரே முகவரியில் குடிவைக்கும். பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் ஒரே கட்டிலைப் பங்கிட்டுக்கொள்ளும் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை அது. அதனால்தான் அங்கே ஒரு சார்பு தன்னைத்தானே அழைப்பது ஆகாத காரியம். வேண்டுமென்றால் ரீஎன்ட்ரன்ட் என்று தனியாக அறிவிக்க வேண்டும்.

இன்று என் மேசையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பில் 512 கிலோபைட் ஃபிளாஷ். அந்த வசதியைக் குறை சொல்ல மாட்டேன். அன்று முடியவே முடியாத வேலைகளை இது செய்கிறது. போனது வேறொன்று. எழுதிய ஒவ்வொரு வரியும் இயந்திரத்துக்குள் என்னவாக மாறியது என்று அன்று எங்களுக்குத் தெரியும். இடப்பஞ்சம்தான் எங்களை அவ்வளவு ஊன்றிப் பார்க்க வைத்தது. பஞ்சம் தீர்ந்ததும் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. ஜிசிசி கம்பைலர் இன்றும் கேட்டால் அசெம்பிளியைத் தரத்தான் செய்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், தங்கள் நிரலில் ஒரு சார்பையாவது அப்படிக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்கிறேன்.