நாலு நம்பர் சீட்டில் ஒரு கையெழுத்து

"மறுபடியும் வெள்ளைக்காரன் வந்துட்டானா?"

வாசலில் அஞ்சல்காரர் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டாலே அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்கும் கேள்வி இது. வெள்ளைக்காரன் என்று அவள் சொல்வது டோனி கோட்டியை. இங்கிலாந்தின் முன்னாள் காற்பந்து ஆட்டக்காரர். அவர் கையெழுத்திட்ட புகைப்படம், ஆட்ட நிகழ்ச்சி இதழ், சட்டை என்று பதினொரு பொருள்கள் எங்கள் மெர்லிமாவ் வீட்டில் இருக்கின்றன. பன்னிரண்டாவது போன மாதம் வந்தது.

பெக்காம் என்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கோட்டி என்றால், "அது யாரு?" என்பார்கள். இங்கிலாந்து தேசியக் குழுவுக்கு அவர் ஆடியது ஏழே ஆட்டம். அதில் ஒரு கோல்கூட இல்லை. ஆனால் கிளப் ஆட்டத்தில் அவர் பெரிய ஆள். 17 வயதில் வெஸ்ட் ஹாமுக்கு முதல் ஆட்டம் ஆடி, அன்றைக்கே கோல் போட்டவர். 1988-இல் எவர்டன் அவரை 22 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது, பிரிட்டனில் ஓர் ஆட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. எவர்டனுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே நியூகாசலுக்கு எதிராக மூன்று கோல். அப்படிப்பட்டவர் 1996-இல் சிலாங்கூருக்கு ஆட வந்தார். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த முகம் ஷா ஆலாம் அரங்கில் ஓடியது.

1997-இல் எனக்கு 13 வயது. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா மரம் சீவினார், அம்மா வெளிக்காட்டு வேலை. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் என்னை ஷா ஆலாமுக்கு ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனார். அவ்வளவு பெரிய கட்டடத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆட்டத்தைவிட அதன் கூரையைத்தான் அதிகம் பார்த்தேன் என்று சித்தப்பா பிற்பாடு கேலி செய்வார்.

ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் வெளியே வரும் இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். கோட்டி வந்தார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். சித்தப்பா சட்டைப் பையைத் துழாவினார். பேனா இருந்தது, தாள் இல்லை. கடைசியில் கையில் வந்தது ஒரு நாலு நம்பர் சீட்டு. முந்தின நாள் எடுத்தது, அடிக்காத சீட்டு. அதன் பின்பக்கத்தில்தான் எனக்கு முதல் கையெழுத்து கிடைத்தது. அவர் நடந்துகொண்டே போட்டார். இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது.

அந்தச் சீட்டைப் பள்ளி வரைபடப் புத்தகத்துக்குள் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். லயத்தில் இருந்த பையன்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் நான்தான் அங்கே பெரிய ஆள்.

அப்பாவுக்கு நாலு நம்பர் என்றாலே ஆகாது. சம்பள நாளில் சீட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைக்காரரிடம் கடன் நிற்பவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். ஒருநாள் வேலை முடிந்து வந்து என் புத்தகத்தைப் புரட்டியவர் சீட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். "இந்த வயசிலேயே நம்பர் எடுக்கிறியா?" என்று ஓர் அறை. நான் வாயைத் திறப்பதற்குள் சீட்டு நாலு துண்டு. அடுப்பில் போட்டுவிட்டார்.

அழுதேன். காரணம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த ஆண்டே கோட்டியும் இங்கிலாந்துக்குத் திரும்பி லெஸ்டர் சிட்டியில் சேர்ந்துவிட்டார்.

சில ஆண்டுகளில் தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயம் காலியானது. நாங்களும் டவுன் பக்கம் வந்துவிட்டோம். வேலைக்குப் போய்க் கையில் கொஞ்சம் காசு புரண்ட காலத்தில்தான் கோட்டியின் கையெழுத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்று தெரிந்தது. இருபது, இருபத்தைந்து பவுண்டு, அதற்கு மேல் அஞ்சல் செலவு. நம் காசுக்கு நூற்றைம்பது வெள்ளியைத் தாண்டிவிடும். முதலில் வாங்கியது எவர்டன் நீலச் சட்டையில் அவர் நிற்கும் படம்.

இரண்டாவது வாங்கியது போலி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உண்மையான பேனா மை பளபளப்புத் தாளின் மேல் தனியாக ஒரு மினுமினுப்புக் காட்டும். அச்சடித்த கையெழுத்து படத்தோடு படமாகக் கிடக்கும். உருப்பெருக்கி வைத்தால் சிறுசிறு புள்ளிகள் தெரியும். கையால் எழுதிய போலியைப் பிடிப்பது இன்னும் கடினம். நிஜமான ஆள் ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் பழகிய வேகத்தில் இழுத்துவிட்டுப் போவார். பார்த்து எழுதுகிறவனின் கை அங்கங்கே தயங்கும், மை அந்த இடத்தில் தடித்திருக்கும். கூடவே வரும் உத்தரவாதச் சான்றிதழை நம்பி ஏமாறாதீர்கள். கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் அச்சடிக்கத் தெரியாதா?

நம் ஊர் வெப்பமும் ஈரமும் வேறு. சுவரில் சன்னலுக்கு எதிரே மாட்டிய ஒரு படத்தில் மை வெளுத்தே போனது. இப்போது எல்லாம் அமிலமில்லாத உறைக்குள், அலமாரிக்குள்.

இத்தனை வாங்கியும் ஒன்று மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையில் கோட்டி இருக்கும் படம், அவர் கையெழுத்தோடு. வெஸ்ட் ஹாம் உண்டு, எவர்டன் உண்டு, 2000-இல் லெஸ்டர் லீக் கிண்ணம் வென்ற காலத்தது உண்டு. விற்பவர்களுக்கு அவர் இங்கே ஆடிய காலம் ஒரு பொருட்டே இல்லை போலும்.

2016-இல் 'ஓலா போலா' படம் வந்தபோது அப்பாவை மலாக்காவுக்குக் கூட்டிப் போனேன். 1980-இல் நம் நாடு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற கதையை ஒட்டி எடுத்த படம். அந்த ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ளியதை இன்றும் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மாஸ்கோவைப் புறக்கணித்ததால் நம் குழு போகவே இல்லை. படத்தில் முத்து என்ற கோல் காவலர் வருவார். அவரைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது ஆறுமுகம்தானே?"

ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டவர். சிலாங்கூரின், மலேசியாவின் கோல் காவலர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

அப்பாவும் இளவட்டத்தில் தோட்டக் குழுவின் கோல் காவலர்தான். கையுறை கிடையாது, வெறுங்கால். வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சிலாங்கூர் ஒருதடவை கூபு அரங்கத்துக்கு ஆட வந்துச்சு. நாங்க தோட்டத்துல இருந்து லோரி பிடிச்சுப் போனோம். ஆட்டம் முடிஞ்சு ஆறுமுகம் இந்தா, இந்தத் தூரத்துல நின்னாரு. கையில தாள் இருந்துச்சு, பேனா இருந்துச்சு. வாய் வரலடா. கேட்டா என்ன நெனப்பாரோன்னு நின்னுட்டேன். பஸ் போயிருச்சு."

கொஞ்ச தூரம் போனோம். ஆயர் குரோ விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது.

"உன் சீட்டைக் கிழிச்சதும் பின்னாடி எழுத்து தெரிஞ்சுச்சு. அப்பவே தெரிஞ்சுச்சு. கை நிக்கல, அடுப்புல போட்டுட்டேன்."

பத்தொன்பது ஆண்டு கழித்து வந்த வார்த்தை. "சரி விடுங்கப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து ஆறுமுகத்தின் கையெழுத்தைத் தேடுகிறேன். கோட்டியைத் தேடியதைவிட நூறு மடங்கு கடினம். இங்கிலாந்துக்கு ஏழு ஆட்டம் ஆடியவரின் கையெழுத்து எப்போது வேண்டுமானாலும் நாலைந்து இடத்தில் விலைக்கு இருக்கும், எடுத்துக்காட்டுப் படங்களோடு. நம் நாட்டுக் கோலை ஆண்டுக்கணக்கில் காத்தவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஏன், நம் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன்? அந்த 1980 குழுவின் தலைவர், நாட்டுக்காக 195 ஆட்டம் ஆடியதாக உலகக் காற்பந்து சம்மேளனமே கணக்கு வைத்திருப்பவர். அவர் கையெழுத்திட்ட பொருளைக் கேட்டால் மலாக்காவிலேயே பழைய சாமான் கடைக்காரர்கள் விழிக்கிறார்கள். லிவர்பூல் சட்டை வேண்டுமா என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பன்னிரண்டு தடவை இங்கிலாந்துக்குக் காசு அனுப்பியவன் நான்.

சென்ற ஆண்டு ஒரு பழைய குழுப் படம் கைக்கு வந்தது. ஓரத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து. விற்றவர் ஆறுமுகத்துடையது என்றார். சாய்த்துப் பார்த்தேன், உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். பேனா மைதான், தயக்கமும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான இன்னொரு கையெழுத்து வேண்டுமே! அது என்னிடம் இல்லை. என்னிடம் இருக்கும் அளவுகோல் எல்லாம் கோட்டிக்குத்தான் பொருந்தும்.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அவரோடதுதானா?"

"தெரியலப்பா."

"சரி, இங்கேயே இருக்கட்டும்" என்று தன் தலைமாட்டில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உறையில் போட்டு அலமாரியில் வைக்கலாம் என்றால் கேட்பதில்லை.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், தாத்தாவின் டைரியில், எழுபது எண்பதுகளின் ஆட்ட நிகழ்ச்சி இதழில் ஆறுமுகத்தின் கையெழுத்து இருக்கலாம், அவர் உங்கள் கண் முன்னே போட்டதாக. எனக்கு விற்க வேண்டாம். தெளிவாக ஒரு படம் எடுத்து, எப்போது, எங்கே வாங்கியது என்று இரண்டு வரி எழுதி இந்த ஞாயிறு மலருக்கு அனுப்புங்கள். அப்பாவின் தலைமாட்டில் இருப்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.