யாரு இந்த "பிள்ளை, எஸ். வி."?

வண்ணார்பேட்டையில ஒரு டிடிபி கடை.
ஆய்வு மாணவி ஒருத்தங்க ஜர்னலுக்கு அனுப்ப, துணைநூற்பட்டியலைச் சரிபார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஸ்கிரீன்ல: "பிள்ளை, எஸ். வி."

யாருன்னு தெரியுதா?
எஸ். வையாபுரிப் பிள்ளை! தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். நம்ம நெல்லைச் சீமைக்காரர்.
1891-ல 'மனோன்மணீயம்' தந்த சுந்தரம் பிள்ளையும் அதே "பிள்ளை"க்குக் கீழதான்.

மனசு ஆறலை.

ஏபிஏ மேற்கோள் முறையில குடும்பப் பேருதான் முதல்ல வரும். நம்மள்ல பலருக்கு அது கிடையாதே! முன்னால அப்பா பேரு, ஊர்ப் பேரு. பின்னால சில நேரம் சாதி.
கடைசிப் பேரையே குடும்பப் பேரா எடுத்துக்கிற மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்?

ஜோடீரோ மாதிரி துணைநூற்பட்டியல் மென்பொருள்ல கடைசிப் பேருக் கட்டத்துல "வையாபுரிப் பிள்ளை"ன்னு முழுசாப் போடுங்க. முதல் பேருக்கு "எஸ்." மட்டும். அவ்வளவுதான்.

அனுப்புறதுக்கு முன்னால ஒரு தடவை பேரைப் பாருங்க மக்கா.
உங்க நெறியாளர் இதைச் சொல்லித் தந்தாங்களா?