கடலுக்கு வேலி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்' என்றொரு தொடர் வரும். கிணற்றில் ஒருவனுக்குப் பங்குண்டு என்று மட்டும் எழுதிவிட்டு, அக்கிணற்றை அடையும் வழியை எழுதாது விட்டால் அப்பங்கு ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வழியற்ற உரிமை ஒரு வாளி தண்ணீரையும் தாராது.

நம்மூர் வேலிச் சண்டைகளிற் பிறந்த இவ்வறிவு, கடல் கடந்த தீவுகள் பலவற்றின் இன்றைய வழக்கொன்றை விளங்கிக்கொள்ளவும் உதவுகின்றது. அவ்வழக்கு கிணற்றைப் பற்றியதன்று, கடலைப் பற்றியது.

மேற்கிந்தியத் தீவுகளுக்கு உல்லாசக் கப்பல்கள் நாள்தோறும் வருகின்றன. 2024இல் முதற் பயணம் புறப்பட்ட 'ஐகன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல் 7,000க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றவல்லது. நம் நாட்டிற் சிறு பட்டினம் ஒன்றின் சனத்தொகை அது! இத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் காலையிற் கரை சேர்ந்து மாலையிற் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்திற் பயணிகளுட் பலர் வேண்டுவது நல்ல மணலும், தெளிந்த நீரும், சிறிது நிழலுமே. அவற்றை அடைய இரு வாயில்கள் உள. ஒன்று, பெருவிடுதி ஒன்றில் ஒருநாட் சீட்டு வாங்கி அதன் கரையிற் குளிப்பது. மற்றது, ஊர் மக்கள் குளிக்கும் பொதுக் கடற்கரைக்குச் செல்வது. பயணிக்கு இஃது ஒரு பகற்பொழுதின் தெரிவு. அத்தீவிற் பிறந்தவனுக்கோ வாழ்நாள் முழுவதற்குமான கேள்வி.

பார்படோஸ் தீவை முதலில் நோக்குவோம். அதன் பரப்பு ஏறக்குறைய 430 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தின் பாதிக்கும் குறைவு. அங்கே கடற்கரைகள் யாவும் பொதுமக்களுக்குரியவை என்பது நாடறிந்த கொள்கை. எத்துணைச் செல்வம் வாய்ந்த விடுதியாயினும், உயர்நீர்க் கோட்டுக்குக் கீழுள்ள மணலைத் தனதென்று சொல்லுதற்கில்லை. பிரிட்ஜ்டவுண் துறைமுகத்தில் இறங்கும் பயணி கார்லைல் குடாவுக்குச் சென்றாற் கதிரைக்கும் குடைக்கும் வாடகை கொடுப்பான்; மணலுக்கு வாடகை இல்லை.

இக்கொள்கையும் காவலின்றி நிலைத்ததன்று. 1980களின் தொடக்கத்தில், விடுதிகளின் எல்லையைக் கடல்வரை நீட்டலாம் என்ற கருத்து அந்நாட்டுச் சுற்றுலாச் சபைத் தலைவரிடமிருந்து எழுந்தது. அவர் பெயர் ஜாக். 'காபி' என்று மக்கள் அழைக்கும் கலிப்சோப் பாடகர் 1982இல் 'ஜாக்' என்றே பெயரிட்டு ஒரு பாடல் பாடினார். என் கடலில் நான் குளிப்பதைத் தடுக்க நீ யார் என்பதே அதன் உட்கிடை. தீவெங்கும் அப்பாடல் ஒலித்தது. நீண்ட மனுக்கள் செய்யாததைச் சில வேளைகளில் ஒரு பாட்டுச் செய்துவிடுகின்றது.

ஜமேக்காவின் கதை வேறு. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில், 1956இல், அங்கே கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. கரையும் கடலடி நிலமும் முடிக்கு உரியவை என்றது அச்சட்டம். ஆயின், அங்கே சென்று குளிக்கும் பொதுவுரிமையை மக்களுக்கு அது வழங்கவில்லை. 1962இல் நாடு விடுதலை பெற்றது, சட்டமோ தொடர்ந்தது. அழகிய கரைகள் பலவற்றின் முன்னே விடுதி மதில்கள் எழுந்தன. அண்மைக் காலத்தில் அத்தீவு மக்கள் தம் கடற்கரைகளைப் பிறப்புரிமையாகக் கேட்டு இயக்கம் நடத்துவதும், நீதிமன்றம் ஏறுவதும் இதன் விளைவே.

இச்சட்டத்தின் வேர் இங்கிலாந்திலே உள்ளது. லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள கிரேற் கிரோஸ்பி என்னும் ஊரில், கடற்கரையிலே குளிப்பு வண்டிகளை ஓட்டிய விடுதிப் பணியாளன் ஒருவன்மீது நிலப்பிரபு வழக்குத் தொடுத்தார். கடலிற் குளிப்பதும் அதற்காகக் கரையைக் கடப்பதும் மக்களின் பொதுவுரிமை என்று அப்பணியாளனுக்காக வாதிடப்பட்டது. அத்தகைய பொதுவுரிமை இல்லை என்று 1821இல் நீதிமன்றம் தீர்த்தது. நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! அன்று மக்கள் உரிமையை எடுத்துப் பேசியது விடுதியின் பக்கம். இன்று அவ்வுரிமைக்கு எதிரே மதில் கட்டுவதும் விடுதியின் பக்கமே. கரைக்கு வெளியே நிற்பவன் எல்லார்க்கும் பொது என்பான். உள்ளே புகுந்தவன் எனக்கே உரியது என்பான். மனித இயல்பு அது.

பஹாமாஸ் நாட்டில் இதன் இன்னொரு முகத்தைக் காணலாம். தலைநகரான நசோவிலே, துறைமுகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஜங்கனூ என்னும் பொதுக் கடற்கரை இருக்கின்றது. பாலத்துக்கு அப்பால் உள்ள பரடைஸ் தீவிலோ பெருவிடுதிகள் நிறைந்துள்ளன. 'பன்றித் தீவு' என வழங்கிய அதற்குச் 'சொர்க்கத் தீவு' என்ற பொருளுடைய இப்பெயர் பின்னரே சூட்டப்பட்டது. 2016இல் அங்குள்ள கபேஜ் கடற்கரைக்குச் செல்லும் பாதையொன்றின் வாயில் பூட்டப்பட்டது. கரையின் மணலை எவரும் விலைக்கு வாங்கவில்லை. பூட்டப்பட்டது பாதை மட்டுமே. ஆயினும், அங்கே சிறு பொருள் விற்றுப் பிழைத்தோர் தம் வயிற்றிலேயே பூட்டு விழுந்ததென்று கிளர்ந்தெழுந்தனர். வழிவாய்க்கால் இல்லாத கிணற்றுப் பங்கு என்பது இதுதான்.

கப்பற் கம்பனிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. ஊரும் வேண்டாம், ஊராரும் வேண்டாம் என்று தமக்கெனத் தனித் தீவுகளையே அமைத்துக்கொண்டன. 1977இல் பஹாமாஸின் சிறு தீவொன்று இவ்வாறு ஒரு கம்பனியின் கைக்கு வந்தது. பின்னர்ப் பிற கம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றின. ஹெயிற்றி நாட்டின் வடகரையிலுள்ள லபடி என்னும் குடாநிலமும் 1986 முதல் ஒரு கம்பனியின் குத்தகையில் வேலியிடப்பட்டது. 2010 ஜனவரி 12ஆந் திகதி அந்நாட்டை நிலநடுக்கம் சிதைத்தது. மூன்று நாள்களில், அதே நாட்டின் அவ்வேலிக்குள் உல்லாசக் கப்பலொன்று வந்து நின்றது. நிவாரணப் பொருள்களும் அதிலே வந்தன என்பதைச் சொல்லாது விடுதல் நீதியன்று. ஆயினும், ஒரே நாட்டில் வேலியின் ஒருபுறம் நீச்சலும் மறுபுறம் ஓலமும் இருந்த அக்காட்சி உலகின் மனத்தை உறுத்தியது. வேலி மனிதரைப் பிரிப்பதோடு நில்லாது, ஒருவர் துயரத்தை மற்றவர் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுகின்றது.

விடுதிகளின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. குப்பையற்ற கரை, கழிப்பிடம், நன்னீர்க் குழாய், உயிர்காப்போர் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய் இவற்றை நாடிப் பணம் கொடுத்தால் அவளைக் குறை கூறுதல் தகாது. விடுதிகள் ஊராருக்குத் தொழிலும் தருகின்றன. எனவே, பணிக்குக் கூலி பெறுவதை நான் மறுக்கவில்லை. கதிரைக்கு விலை வையுங்கள்; குடைக்கு விலை வையுங்கள்; அலைக்கு விலை வையாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் இலங்கையில் நிலைமை என்ன? ரோம-டச்சுச் சட்ட மரபு நமக்கு வாய்த்தது நற்பேறு. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையாகவே எல்லார்க்கும் பொதுவானவை என்று ஜஸ்டினியன் மன்னனின் சட்டநூல் கி.பி. 533இலேயே வகுத்தது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம், நீர்க்கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வரையறுத்து, அங்கு நடைபெறும் அபிவிருத்திகளுக்கு அனுமதி பெறவேண்டும் என்றது. ஏட்டிலே நமக்குக் குறைவில்லை.

வழியிலே குறைவுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களோடு கிழக்குக் கரைக்குச் சென்றிருந்தேன். வீதியிலிருந்து பார்த்தாற் கடல் இரு கட்டடங்களுக்கிடையே நீலத் துண்டாகத் தெரிந்தது. விடுதியொன்றின் வாயிலில் நின்ற காவலாளி, "கரை எல்லாருக்கும் பொதுதான் ஐயா. ஆனால் இந்தப் பக்கத்தாலே போக ஏலாது; சுற்றிப் போங்கோ" என்று மிகுந்த பணிவோடு சொன்னான். சுற்றிப் போனோம். அரை மைல் நடந்தபின் மீனவர்களின் ஒழுங்கையொன்று வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் முகமலர்ந்து வழிகாட்டினார். மாணவன் ஒருவன், "சேர், பொது என்றால் ஏன் சுற்ற வேண்டும்?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடை சொல்லவேண்டியவர்கள் காணிகளை அளந்து அனுமதி வழங்குபவர்களே. விடுதி ஒன்றுக்கு அனுமதி அளிக்கும் அன்றே, அதன் அருகில் மக்கள் நடக்கும் பாதையும் அளந்து, கல் நாட்டி, படத்திற் குறிக்கப்படவேண்டும். பின்னர்க் கேட்டுப் பெறும் பாதை, கட்டிய மதிலை இடித்தே வரும்.

இவ்வெண்ணத்திற்கு இன்று அவசரமும் உண்டு. 2023 ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையைத் தொட்டது. கப்பல் வருவது நல்லதே, வரட்டும். வருகின்ற விருந்தினர் கீரிமலையிலும் காரைநகர்க் கசூரினாக் கரையிலும் நம் பிள்ளைகளோடு ஒரே அலையில் நனையட்டும். இளநீர் வெட்டும் கையினின்று இளநீர் வாங்கிப் பருகட்டும். அதற்கு வேண்டிய கழிப்பிடத்தையும் நிழலையும் துப்புரவையும் உள்ளூராட்சிச் சபைகள் இப்போதே அமைக்கவேண்டும். பொதுக்கரை அழுக்காய்க் கிடந்தால், வேலி கட்டுவோனுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம். குப்பையை அங்கே வீசிவிட்டு வரும் குடும்பமும் அவ்வேலிக்கு ஒரு கதியால் நாட்டுகின்றது.

நெய்தல் நிலத்தைத் தனித் திணையாக வகுத்துப் பாடிய இனம் நாம். அந்நிலத்தைக் காசு கொடுத்து எட்டிப் பார்க்கும் நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வாராதிருக்க வேண்டுமாயின், நாம் கேட்க வேண்டியது பெரிதொன்றுமில்லை: ஊர்தோறும் கடலுக்கு ஓர் ஒழுங்கை, இருவர் ஒருங்கே நடக்கும் அகலம், பூட்டில்லாத வாயில்.