அப்பா போனுக்குள்ளே, அம்மா போனோடு

பிள்ளைகள் செல்போனால் கெட்டுப் போகிறார்கள் என்று புலம்பாத பெற்றோரே இல்லை. பெற்றோரின் செல்போனைப் பற்றிப் பிள்ளைகள் புலம்பினால் யார் கேட்பது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைப் பேசுவது அவ்வளவு சுலபமில்லை. அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் பல வீடுகளில் அப்பா இருப்பது சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ. ஒரு காலத்தில் கடிதமும் ஐ.எஸ்.டி. பூத்தும்தான் துணை. 2016இல் ஜியோவும் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பும் வந்தன. இப்போது அப்பாவின் முகம் தினமும் வீட்டுக்கு வருகிறது. அந்த வீட்டு அம்மாவிடம் போய் "போனைத் தூக்கி எறியுங்கள்" என்று உபதேசம் செய்ய முடியுமா?

சிக்கல் அழைப்பு முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. போன் கையை விட்டு இறங்குவதில்லை. அப்படியே ரீல்ஸ், அப்படியே குரூப் மெசேஜ்... "அம்மா, இந்தக் கணக்கு வரலை" என்றால் "ம்ம்" என்று பதில் வரும். முகம் நிமிராது.

அந்த முகம்தான் விஷயமே. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடும் தாய், திடீரென்று எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் சும்மா பார்ப்பார். குழந்தை சிரித்துக் காட்டும், கை நீட்டும், கத்தும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது செல்போனே கிடையாது!

2014இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பாஸ்டன் பகுதி உணவகங்களில் குழந்தைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களைக் கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டுக்கு நடுவே போனைக் கையில் எடுத்தார்கள். அதில் மூழ்கியவர்களில் பலர், பிள்ளை சேட்டை செய்தபோது கடுமையாக நடந்துகொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அம்மாக்களை மட்டும் திட்டக் கிளம்பிவிட வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இதே மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போதும் கேலி பேச ஆட்கள் இருந்தார்கள். வெளிநாடு போகாமல் உள்ளூரிலேயே இருந்தும் திண்ணையில் போனோடு உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி?

சிங்கப்பூர் நேரம் இங்கிருந்து இரண்டரை மணி முன்னால். அங்கே மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்தால் இங்கே நாலரை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அழைப்பு வந்ததும் போனை முதலில் அந்தப் பிள்ளை கையில் கொடுக்கலாம். வராத கணக்கை நோட்டோடு அப்பாவிடமே காட்டட்டும். அதற்குள் அம்மா டீ போட்டுவிடுவார்.