விஜயநகரில் ஒரு டியூஷன் ஆசிரியரைத் தேடும்போது

டியூஷன் ஆசிரியரைத் தேடும் முன் பிள்ளையின் பழைய விடைத்தாள்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது, எந்தக் கணக்கு பாதியில் நிற்கிறது, எந்தக் கேள்வி தொடப்படவே இல்லை என்று பார்த்தால்தான் யார் தேவை என்பது தெரியும். பின்னம் புரியாத பிள்ளையும், புரிந்தும் நேரம் போதாமல் விட்டுவிடும் பிள்ளையும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். முன்னவருக்கு அடிப்படையிலிருந்து பொறுமையாகச் சொல்லித்தருபவர் வேண்டும். பின்னவருக்குப் பயிற்சி தருபவரே போதும்.

மைசூரு விஜயநகரில் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு ஸ்டேஜ்களாக விரிந்த இந்தக் குடியிருப்பிலிருந்து மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகம் தொலைவில் இல்லை. ஆசிரியர்களை உருவாக்கும் மண்டலக் கல்வி நிறுவனமும் அங்கேதான். ஆராய்ச்சி மாணவர்கள், பி.எட். படிப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், 'மனெபாட' (வீட்டு டியூஷன்) நடத்தும் இல்லத்தரசிகள் என்று பலரும் கிடைப்பார்கள். பட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பாடம் தெரியும் என்று அறியலாம். சொல்லித்தரத் தெரியுமா என்பதை ஒரு டெமோ வகுப்பில்தான் அறிய முடியும்.

அந்த வகுப்பில் கவனிக்க வேண்டியது, பிள்ளை தவறு செய்யும் நொடி. 5 – (2x – 3) என்பதை 5 – 2x – 3 என்று பிள்ளை எழுதுகிறது. ஒருவர் அதை அடித்து, சரியான வரியைத் தானே எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இன்னொருவர், "x-க்கு 1 போட்டு இரண்டையும் பாரு" என்பார். ஒன்றில் 6 வரும், மற்றதில் 0. அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறி 3-ஐ என்ன செய்தது என்று பிள்ளையே தேடத் தொடங்கும். இந்த இரண்டாமவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அவருடைய பட்டம் சிறியதாக இருந்தாலும். கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரையில், தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர் வழக்கமான வகுப்பு மாணவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தியதாகக் குறிப்பிட்டார். பிந்தைய ஆய்வுகள் பலன் அவ்வளவு பெரிதில்லை என்று காட்டின. ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு பகுதியிலும் பிழையைத் திருத்திய பிறகே அடுத்ததற்குப் போனார்கள் என்பது மனத்தில் கொள்ளத்தக்கது.

ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்துக்கும் வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது கன்னட ஆசிரியரை. கன்னட மொழி கற்றல் சட்டம், 2015 அந்த மொழியைப் பள்ளிகளில் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. மாநிலப் பாடத்திட்டத்தின் எஸ்.எஸ்.எல்.சி.யில் மொழிக்கு மொழி மதிப்பெண் மாறும்: முதல் மொழிக்கு 125, இரண்டாம் மொழிக்கு 100. பாடநூலும் வேறு என்பதால், பிள்ளைக்குக் கன்னடம் எந்த மொழி என்பதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் ஒரே 'க' எழுதிப் பழகிய கை, கன்னடத்தில் அந்த வரிசையின் நான்கு எழுத்துகளுக்கிடையே தடுமாறும். மெய்க்குக் கீழே ஒட்டும் 'ஒத்தக்ஷர'த்தை விட்டுவிடும். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர் ஐந்து வரி டிக்டேஷனிலேயே இவற்றைக் கண்டுகொள்வார். முதல் பாடத்தை மனப்பாடம் செய்யச் சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது.

பெரியவர்கள் தமக்காகக் கன்னடம் கற்பதானால், எழுத்தில் தொடங்காமல் முதல் நாளே பேசவைக்கும் ஆசிரியரைப் பார்க்கலாம்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு சொல்லித்தந்தும் எழுத்துகள் இடம் மாறி, வாசிப்பு ஓடவே இல்லை என்றால் டியூஷனை மாற்றிப் பயனில்லை. 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. கற்றல் குறைபாட்டை அங்கே மதிப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது பெரும் அநீதி.

பள்ளி ஆசிரியரிடமே டியூஷன் வைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் கல்வி உரிமைச் சட்டம், 2009 பிரிவு 28 ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. பயிற்சி மையம் என்றால், மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டுப் போவது நல்லது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, ஆசிரியர் பட்டதாரியாக இருக்க வேண்டும், பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தைப் 10 நாட்களில் திருப்பித்தர வேண்டும் என்கின்றன அவை. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கே இவை பொருந்தும். வீட்டு டியூஷனில் பேச்சே ஒப்பந்தம். ஆகவே மாதக் கட்டணம், விடுப்பு நாள், ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து அதே பழைய விடைத்தாளிலிருந்து ஐந்து கேள்விகளை வீட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பழைய தவறு அப்படியே இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். அடுத்த மாதமும் மாறவில்லை என்றால் நன்றி சொல்லி வேறொருவரைத் தேடுங்கள்.