மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள்

1990களில் பொருளாதாரத் தடை இறுகியிருந்த வன்னியில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள் எம்மவர்கள். புழுதியிலும் மாரிச் சேற்றிலும் எம்.டி.90களை ஆண்களும் பெண்களும் லாவகமாகச் செலுத்தினார்கள். மோட்டோகுரொஸ் கேட்பதும் இதே திறமையைத்தான்.

அப்படியிருக்க, இலங்கையின் பந்தயத் திடல்களில் வன்னிப் பெயர்கள் ஏன் அரிதாகவே காதில் விழுகின்றன?

எந்த விதியும் தமிழரைத் தடுக்கவில்லை. ஆனால் புகழ்பெற்ற பந்தயங்களான தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லும், அநுராதபுரம் சாலியபுர கஜபா சுப்பர்குரொஸும் இராணுவத்தினர் நடத்திவந்தவை. சாலியபுர வவுனியாவுக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆயினும், 2009 வரை வன்னியில் போரிட்ட படைப்பிரிவொன்றின் வாசலுக்குள் கிளிநொச்சி இளைஞன் ஒருவன் தலைக்கவசத்துடன் நுழையக் கடக்கவேண்டிய தூரம் கிலோமீற்றரில் அளக்கக்கூடியதன்று.

எழுதிவைத்த தடைகள் காலப்போக்கில் உடைகின்றன. 1962இல் மாண் தீவு ரி.ரி. பந்தயத்தில் ஓடிய பெரில் சுவெய்னின் அனுமதிப்பத்திரம், பெண்களுக்கு இது ஆபத்தென்று கூறிப் பறிக்கப்பட்டது. 2018இல் ஸ்பெயினின் அனா கராஸ்கோ, ஆண்களுடன் போட்டியிட்டு சுப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தையே வென்றார்.

எழுதப்படாத தடையை என்ன செய்வது? பிரதேச சபைகள் நடத்தும் சிறு மண் திடலொன்று வன்னியிலேயே அமையட்டும். விதிமுறைகளும் பயிற்சியும் தமிழில் கிடைக்கட்டும். பெண்களுக்கும், போரில் காலிழந்து மாற்றியமைத்த வண்டி ஓட்டுவோருக்கும் அங்கே இடம் இருக்கட்டும். தெற்கின் இளைஞர்களும் வந்து ஓடட்டும். இம்முறை விருந்தாளிகளை அழைப்பவர்கள் நாமாக இருப்போம்.