அறுந்த ஒயர்

போன மாதம் சைக்கிள் பிரேக் ஒயரில் இரண்டு இழை நைந்திருந்ததைப் பார்த்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பேரனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டை கடைத்தெருவுக்குப் போகையில் அறுந்தது. காலை ஊன்றி நிறுத்தினேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

அன்றிரவு 'தாரிணி' நினைவு வந்தது. நம் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் உலகைச் சுற்றிய பாய்மரப் படகு. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2018 மே 21-இல் திரும்பியது. வரும் வழியில் சுக்கான் பொறி பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் ஒதுங்க நேர்ந்தது.

பழைய பாய்மரப் படகுகள் பலவற்றில் சக்கரத்தையும் சுக்கானையும் இணைப்பது தளத்துக்கு அடியில் கப்பிகள் வழியே ஓடும் கம்பிவடம். நான் படித்த பிரெஞ்சில் அதற்கு 'த்ரோஸ்' என்று தனிப் பெயரே உண்டு. வடத்தின் மேல் ஒரு துணியை ஓட்டிப் பார்ப்பார்கள். நூல் மாட்டினால் இழை அறுந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

பிரெஞ்சில் சுக்கான் 'கூவெர்னாய்', அரசாங்கம் 'கூவெர்ன்மான்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. குமாஸ்தாவாக இருந்த நாங்களும் கண்ணுக்குத் தெரியாத அந்த வடம்தான். அலுவலகத்தில் ஒரு நாளும் கோப்பைக் கிடப்பில் போடாதவன், வீட்டில் இரண்டு இழையைக் கிடப்பில் போட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் துணியோடு சைக்கிள் முன் உட்காருகிறேன். பேரனும் கூட உட்காருகிறான்.